அடுப்படி வரைக்கும் எட்டுமா?

வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்த புதிதில், வைஃபை மோடம் வாங்க நானும் என் கணவரும் திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னாலிருந்த ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போயிருந்தோம். அங்கேதான் அவரைப் பார்த்தேன். பூ வியாபாரி போலிருக்கிறது. சட்டைக் கையில் வாழைநார் ஒட்டியிருந்தது. பக்கத்தில் நின்றால் மல்லிகை மணத்தது. கடைக்காரர் ஒவ்வொரு பெட்டியாக எடுத்துக் காட்டக் காட்ட, அவர் செல்போனில் மனைவியைக் கூப்பிட்டு அதை அப்படியே ஒப்பித்துக்கொண்டிருந்தார்.

"அடுப்படி வரைக்கும் எட்டுமான்னு கேக்குறா," என்றார் கடைக்காரரிடம்.

"அடுப்படியில எதுக்குண்ணே?" என்று கடைக்காரர் சிரித்தார். என் கணவரும் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அவுகளுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமாண்ணே?" என்று கேட்டேன்.

"இப்பத்தாம்மா பழகுறா. சோறு கொதிக்கிறப்ப செத்த நேரம் கெடைக்கும்ல, அப்ப அவ அக்காகூடப் பேசணுமாம். அங்க எட்டலேன்னா வாங்கி என்னத்துக்கு?"

எனக்கும் சென்னையில் ஓர் அக்கா உண்டு. என் கணவர், மாடியில் இருக்கும் தன் அறைக்கு எட்டுமா என்று மட்டும் கேட்டு ஒன்றை வாங்கினார். அதற்குப் பிறகு எத்தனையோ பெட்டிகள் மாறிவிட்டன. அவை இருக்கும் இடம் மட்டும் மாறவில்லை; என் அடுப்படிக்கு இன்றுவரை எட்டியதில்லை.

முகம் தெரியாத அந்தப் பெண்ணை நினைத்தால் இன்றும் வயிறெரிகிறது. அவள் பேரழகியாக இருந்தால்கூடப் பரவாயில்லை. என்னைப்போலச் சாதாரணமானவளாக இருந்துவிட்டால்தான் என்னால் தாங்க முடியாது.