இரண்டு முள்ளும் நூற்றுப்பத்து

ஏழு மாடி ஆட்களை ஒரு பொய்யால் சமாதானப்படுத்தி வைத்திருந்த மனிதர், தன் வீட்டு ட்ரம் மட்டும் பொய் சொல்லக் கூடாது என்று ஏன் அடம்பிடித்தார்? அந்த ஏசி மெக்கானிக்கை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கும்.

அந்த அலுவலகத்தில் அவருக்குப் பத்தொன்பது வருட வேலை. ஏசியைக் கூட்டு, குறை என்று நாள் முழுக்க போன். ஒருவருக்குக் குளிரும், பக்கத்து நாற்காலிக்கு வியர்க்கும். பொறுத்துப் பார்த்தவர், மாடிக்கு ஒன்றாகச் சுவரில் ரெகுலேட்டர் பொருத்தினார். பதினாறிலிருந்து முப்பது வரை எண் போட்ட, பார்க்க லட்சணமான ரெகுலேட்டர். உள்ளே வயர் கிடையாது. அன்றோடு புகார் நின்றது. தபால் பிரிவு அம்மா ஒருவர் அதை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "இப்பத்தான் உயிரே வந்துச்சு" என்று சால்வையைக் கழற்றுவார். மெக்கானிக் அதை வீட்டில் நடித்துக் காட்டிக் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். மனைவியும் சிரிப்பாள். நிர்வாகம் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தது. வாங்கிச் சுவரில் மாட்டிக்கொண்டார்.

பிறகு வீட்டுக்குப் பின்னால் ஓர் எண்ணெய் ட்ரம்மைப் படுக்கப் போட்டுப் பிளந்து, புகையில் கறி வேகவைக்கும் அடுப்பு செய்தார். இடப்பக்கம் விறகு எரியும் பெட்டி, வலப்பக்கம் புகைக்குழாய். முதல் நாளே இடப்பக்கக் கோழி கரிக்கட்டை. வலப்பக்கக் கோழி கூவாத குறை. சாப்பிட வந்திருந்த சகலை பள்ளி வாத்தியார். சும்மா இருக்கத் தெரியாதவர்.

"என்ன சகலை, ஏழு மாடியும் உங்க பேச்சைக் கேக்குது, நாலடி ட்ரம்மு கேக்க மாட்டேங்குதே?"

மெக்கானிக்கின் காது சிவந்தது. "மூணு மாசம் குடுங்க. கண்ணைக் கட்டிட்டுத் தின்னாலும் ரெண்டு ஓரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. தெரிஞ்சா ட்ரம்மை நானே பழைய இரும்புக் கடையில போட்டுடறேன்."

அதன் பிறகு மனிதர் ட்ரம்மோடுதான் குடித்தனம் நடத்தினார். கறி வைக்கும் கம்பிவலைக்கு அடியில் இரும்புத் தகடு வைத்தார். நெருப்புப் பக்கம் கடுகளவுத் துளை, போகப் போகப் பெரிய துளை. புகைக்குழாயின் வாயை வலை மட்டத்துக்கு இறக்கினார். மூடியின் இரண்டு ஓரத்திலும் முள் வைத்த வெப்பமானி. இடது நூற்று நாற்பது, வலது எண்பது. தகட்டை மாற்றினால் நூற்று முப்பது, தொண்ணூறு. அதற்கு மேல் நெருங்க மறுத்தன. தட்டில் சோறு ஆறிக் கிடக்கும். ஒருநாள் மகள் ஓடிவந்து, "அப்பா, எண்பத்தெட்டு!" என்றாள். பரீட்சை மார்க்கு.

"எந்தப் பக்கம்?" என்றார்.

பன்னிரண்டாவது வாரம், ஒரு சனிக்கிழமை, இரண்டு முள்ளும் நூற்றுப்பத்தில் நின்றன. அவர் மேசையில் உட்கார்ந்து, இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாளே சகலை குடும்பத்தைக் கூப்பிட்டார்.

வாத்தியார் கைக்குட்டையால் கண்ணைக் கட்டிக்கொண்டு முதல் துண்டை மென்றார். இரண்டாவதைக் கடித்ததும் கட்டை அவிழ்த்தார்.

"சகலை, இதுக்கு வைத்தியம் பார்த்தா இன்னும் பொழைச்சுக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். மெக்கானிக் வெப்பமானிகளைக் கழற்றி, சமையலறையில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரில் முக்கினார். இரண்டும் நூறு காட்ட வேண்டும். ஒன்று எண்பது காட்டியது. மற்றது நூற்று இருபது.

"இதுல யாரு கை வச்சது?"

மனைவி பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "நான்தான். பின்னாடி இருக்கிற நட்டைத் திருப்பினா முள்ளு நகரும்னு நீங்கதானே சொன்னீங்க."

"ஏன் இப்படிப் பண்ணின?"

"மூணு மாசமா நீங்க உக்காந்து சாப்பிடலை. நேத்து சாப்பிட்டீங்க." கையைத் துடைத்துக்கொண்டாள். "உயிரே வந்துச்சுன்னு வாயால சொல்லலை, அவ்வளவுதான்."



திங்கட்கிழமை காலை ட்ரம்மை வண்டியில் ஏற்றிப்போய் இரும்புக் கடையில் விட்டார். "விளையாட்டுக்குத்தானே சொன்னேன்" என்று வாத்தியார் போனில் கெஞ்சியது எடுபடவில்லை. அங்கிருந்து நேராக அலுவலகம். முதல் மாடித் தபால் பிரிவில் ஏணி போட்டு, சுவரைத் தோண்டி, ரெகுலேட்டருக்கு நிஜமான வயர் இழுத்தார். மதியத்துக்குள் அங்கே குளிர் கட்சி, வியர்வைக் கட்சி என்று இரண்டு கட்சி. சால்வை அம்மா அவரைத் தேடி வந்து, "இது கெட்டுப்போச்சுங்க, பழையபடி செஞ்சு குடுங்க" என்றார்.

மேலாளர் ஏன் என்று கேட்டார். மனைவியும் கேட்டாள். அடுத்த திங்கள், ஏணியை இரண்டாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்.