புன்னை மரத்து மல்லிகை

அறுபதுகளில் கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் ஆசிரியராக இருந்தேன். பக்கத்து வீட்டு மாரி தினமும் விடிகாலையில் தூக்குவாளித் தண்ணீரோடு புன்னை மரத்தில் ஏறுவார். ஒருநாள் காற்றில் கிளை விலகியபோது, உச்சியில் இரண்டு மண்ணெண்ணெய் டின்கள் கட்டியிருப்பதைப் பார்த்தேன். டின்களில் ஏதோ செடி. கஞ்சாதான் என்று நானே முடிவுகட்டி, போலீஸில் சொல்லிவிட்டேன்.

கான்ஸ்டபிள் வந்ததும் குப்பமே கூடிவிட்டது.

"எனக்கு மரம் ஏறத் தெரியாது. நீங்களே ஏறிப் பாத்து சொல்லுங்க சார்" என்றார் கான்ஸ்டபிள் என்னிடம்.

வேட்டியை மடித்துக் கட்டி ஏறினேன். மாரியும் பின்னாலேயே வந்தார். டின்களில் இருந்தது மல்லிகை. நிறைய மொட்டு.

"தங்கச்சிக்கு சார்" என்றார் மாரி மெதுவாக. "அவ புருஷன் கடலோட போயிட்டாரு. வாசல்ல இருந்த செடிய, தாலியறுத்தவளுக்கு எதுக்குப் பூவுன்னு எங்கம்மாவே புடுங்கிப் போட்டுடுச்சி. தலையிலதான் வெக்க முடியாது, வாசனையாவது வரட்டுமேன்னு... யாராவது கேட்டா புன்னம்பூன்னு சொல்லிக்கலாம்."

கீழே அவருடைய அம்மா நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாசற்படியில் அந்தத் தங்கை தலைகுனிந்து நின்றாள்.

"காக்கா கூடுங்க! நான்தான் தப்பாப் பாத்துட்டேன்!" என்று கத்தினேன்.

எல்லோரும் சிரித்தார்கள். கான்ஸ்டபிள் திட்டிவிட்டுப் போனார். பிள்ளைகளுக்கு நான் 'காக்கா வாத்தியார்' ஆனேன்.

மாற்றலாகும் வரை, மாரி கடலுக்குப் போன நாட்களில் நான்தான் ஏறித் தண்ணீர் ஊற்றினேன். அவரிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அது அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.