நாலு குட்டிக்கும் ஊசி

குழாய் வேலையிலேயே இருபத்தாறு வருடத்தைத் தள்ளியவர் அவர். எங்கே சொட்டினாலும் சட்டைப் பையைத் துழாவிப் பொருத்தமான வாஷரை எடுத்துவிடுவார் என்பதால் ஊருக்கே 'வாஷர்'. நாலாவது மாடிச் சுவரில் தொங்கிக்கொண்டே கீழே நிற்பவரிடம் டீ கேட்கும் ஆள். அப்பேர்ப்பட்டவருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு போனில் பயம் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டில் சாக்கடை அடைப்பு எடுத்திருந்தார். அந்த வீட்டு அம்மாதான் போனில் கூப்பிட்டார்கள்.

"தண்ணி நல்லா போகுதுங்க. அதுக்குக் கூப்பிடல. எங்க நாய்க்குட்டியை அந்தச் சாக்கடைக்கிட்டதான் கழுவினோம். ரத்தமா போய் சனிக்கிழமை செத்துடுச்சு. 'பார்வோ'ங்கற தொத்து நோயாம், செருப்புல ஒட்டிக்கிட்டுகூட வருமாம், டாக்டர் சொன்னாரு. உங்க வீட்ல குட்டிங்க இருக்குன்னு சொன்னீங்களே, இப்பதான் ஞாபகம் வந்துச்சு."

வாஷர் வாசலைப் பார்த்தார். அன்றைக்குப் போட்டுப்போன பூட்ஸ் அங்கேயே கிடந்தது. நாலு குட்டிகளில் கடைக்குட்டி அதன்மேல் ஏறி உட்கார்ந்து கயிற்றைச் சவைத்துக்கொண்டிருந்தது.

தெருநாய் ஒன்று வந்து, பின்பக்கம் அடுக்கியிருந்த குழாய்களுக்கு நடுவே போட்ட குட்டிகள் அவை. ஏழு வாரம் ஆகிறது. ஊசி போடணும் என்று அவர் மனைவி பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாளைக்கு, நாளைக்கு என்று இவர்தான் தள்ளிப்போட்டார்.

விஷயத்தைக் கேட்டதும் மனைவி திட்டவில்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. பிளீச்சிங் பவுடரைக் கரைத்து வாசலெல்லாம் ஊற்றிவிட்டு, "இன்னைக்கே போட்டுடலாங்க," என்றாள்.

அடுத்த தெருவிலிருந்து வந்த அவருடைய அக்கா ஒரே பிடியாக வேண்டாம் என்றாள். "தம்பி, எங்க வீட்டுக் குட்டிக்கு ஊசி போட்ட மூணாம் நாளே போயிடுச்சுடா. உள்ள நோய் இருக்கறப்ப ஊசியும் போட்டா தாங்குமா? நீயே கொன்னதா ஆயிடும்."

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. போட்டுச் செத்தாலும் தன்னால், போடாமல் செத்தாலும் தன்னால். குட்டிகளைத் தூக்காமல், புதுச் செருப்பு ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டு தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போனார்.

டாக்டரம்மா முழுசாகக் கேட்டார். "நோய் ஏற்கனவே உள்ள போயிருந்தா ஊசி காப்பாத்தாது. ஆனா ஊசியால அந்த நோய் வராது. இன்னும் உள்ள போகாம இருந்தா, இனிமே வராம இருக்க அதுதான் காவல். காய்ச்சல் இருக்கற குட்டிக்கு மட்டும் இப்ப போட மாட்டேன்."

"பொழைச்சுக்குமா, டாக்டர்?"

"அதை என்னால சொல்ல முடியாதுங்க. இங்க தரையில விட்டுடாதீங்க, நோய் வந்த நாயெல்லாம் நடக்கற இடம். நாளைக்குக் காலையில கூடையில வச்சு வெளியவே நில்லுங்க. நான் வண்டிக்கு வரேன்."

சரிதான் என்று தலையாட்டிவிட்டு வந்தாரே தவிர, புதன்கிழமை காலை ஆட்டோவில் ஏறும்வரை போடலாமா வேண்டாமா என்று மனைவியைக் கேட்டுக்கொண்டே இருந்தார். கூடை மனைவி மடியில். டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் காய்ச்சல் பார்த்தார். மூன்று குட்டிக்கு ஒன்றுமில்லை, ஊசி இறங்கியது. கடைக்குட்டிக்கு நூற்று நாலு. அதற்குப் போடாமல், தனியே வைக்கச் சொன்னார்.

மத்தியானமே அது வாந்தி எடுத்தது. தினமும் டிரிப்ஸ் ஏற்றக் கொண்டுபோனார்கள். அதைப் பார்த்துக்கொண்டவர் வாஷர். மற்ற மூன்றையும் தொட்டது மனைவி மட்டும். ஒரே வீட்டில் இரண்டு பேரும் கதவுக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமுமாக நின்று பேசிக்கொண்டார்கள். சனிக்கிழமை மத்தியானம் அவர் உள்ளங்கையிலேயே அது அடங்கிப்போனது.

அக்கா வந்து எட்டிப் பார்த்தாள். "ஊசி போட்டதுதானே?"

"இதுக்குத்தான் போடலக்கா."

அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முதுகில் கை வைத்தபடி இருந்தாள்.

பயம் அதோடு விடவில்லை. காலையில் எழுந்ததும் மூன்று குட்டிகளின் மலத்தைக் குனிந்து பார்ப்பதே அவருக்கு முதல் வேலை. அடுத்த வெள்ளிக்கிழமை கறுப்புக்குட்டி பாலை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவ்வளவுதான், மூச்சிரைக்க அதை அள்ளிக்கொண்டு ஓடினார். டாக்டரம்மா காய்ச்சல் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். மேசையிலேயே குட்டி கழிந்தது. வெளியே வந்தது, குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டேப், ஒரு முழ நீளம்.

"இது உங்க வேலைதான்," என்றார் டாக்டரம்மா.

விஷயத்தைக் கேட்டு, பத்து நாளில் முதல்முறையாக மனைவி சிரித்தாள். வாஷருக்குச் சிரிப்பு வரவில்லை. குட்டியை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். மூன்றும் பிழைத்துக்கொண்டன. ஒவ்வொன்றுக்கும் இன்னும் இரண்டு ஊசி பாக்கி. அது முடியும்வரை குட்டி கேட்டு வந்த யாருக்கும் அவர் கொடுக்கவில்லை.