சுவரோரம் உட்கார்ந்தவர்

நேற்று பக்கத்து வீட்டு எல்கேஜிக் குழந்தை செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு, ஆளில்லாத நாற்காலிக்கு பிஸ்கட் ஊட்டிக்கொண்டிருந்தது. அதன் அம்மா பயந்துபோய் என்னிடம் வந்தாள். "நாலு வயசுல அப்படித்தான் அம்மிணி" என்றேன், பெரிய டாக்டர் மாதிரி. எனக்குக் குழந்தைகளைப் பற்றித் தெரிந்தது அது ஒன்றுதான்.

என் மகள் குழந்தையாக இருந்தபோது நான் ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ட்ரில்லர். வடக்கே ஊர் ஊராகப் போர் போட்டுத் திரிவோம். மழைக்கு வண்டி நின்றால்தான் வீடு. மகள் தவழ்ந்தது, நடந்தது எல்லாம் எனக்குப் போனில் வந்த சேதிகள். "ஒத்தக்கால்ல நொண்டி அடிக்கறாளுங்க" என்பாள் மனைவி. கம்ப்ரசர் சத்தத்தில் பாதி கேட்காது. "சரி, சரி" என்பேன்.

மகளுக்கு நாலு வயதான மழைக்காலத்தில் வந்தேன். வாங்கி வந்த கவுன் தோளைத் தாண்டவில்லை. என் மேலெல்லாம் டீசலும் ஈரக் கல்தூளும் கலந்த வாடை. எந்த சோப்புக்கும் அசையாது. இன்றைக்கும் எங்காவது போர் போட்டால் அந்த வாடைக்குக் கால் நின்றுவிடும், அது கிடக்கட்டும். குளித்துவிட்டுச் சாப்பிடச் சுவரோரம் உட்கார்ந்தேன்.

"அக்கட்ட உக்காருங்க. அது எங்கப்பா எடம்."

"நாந்தான் சாமி உங்கப்பா."

"இல்லீங்க. நீங்க ரிக்குக்காரரு. எங்கப்பா இங்கயேதான் இருப்பாரு."

மனைவி நிமிராமல் அங்கே ஒரு காலித் தட்டை வைத்தாள். நான் தள்ளி உட்கார்ந்தேன். அழுகை வருமென்று பார்த்தேன். ஒன்றுமே வரவில்லை. சோற்றைப் பிசைந்து தின்றேன்.

"இந்த வயசுல இல்லாத ஆள வெச்சு வெளையாடுவாங்க, தானா போயிருமுங்க" என்றார் மகளின் டீச்சர். அதன்பிறகு ஊருக்கு வரும்போதெல்லாம், "உங்கப்பா சாப்டாருங்களா சாமி?" என்று கேட்டுவிட்டுத்தான் தட்டில் கை வைப்பேன். "ஆச்சுங்க" என்பாள். சட்டைக்குப் பொத்தான் போடவும், எந்தக் காலுக்கு எந்தச் செருப்பு என்றும் அவர்தான் சொல்லிக்கொடுத்தாராம். இல்லாத மனுஷன்மேல் பொறாமைப்பட்டேன், கேவலம்!

அவள் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த வருஷம் நான் வந்தபோது காலித் தட்டைக் காணோம்.

"அப்பா எங்க சாமி?"

எழுதிக்கொண்டே சொன்னாள்: "அவரும் ரிக்குக்குப் போயிட்டாருங்க."

இப்போது ரிக்கை விட்டுவிட்டு வீட்டோடு கிடக்கிறேன். மகள் கல்யாணமாகி அயோத்தியாப்பட்டணத்தில் இருக்கிறாள். அந்தக் காலித் தட்டைப் பற்றிக் கேட்டால், "அப்படியாங்கப்பா? நெனப்பே இல்லீங்க" என்று சிரிக்கிறாள். தினமும் அதே சுவரோரம்தான் சாப்பிடுகிறேன். தள்ளி உட்காரச் சொல்ல ஆளில்லை.