விளக்கை மறைக்க வைத்த வேம்பு

ராவாங் தொழிற்சாலை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவள் அம்சவள்ளி. அவள் வாயை அடைத்தது பக்கத்து வீட்டு விளக்கு.

எஸ்டேட் லயத்து வரிசை வீட்டை விட்டுப் பத்தாங் பெர்ஜுந்தாய் ஊரில் அவள் வாங்கிய வீடு. பக்கத்து வீட்டு நடராஜா, மோட்டார் சைக்கிள் திருடு போன கோபத்தில், பந்துத் திடலுக்குப் போடுகிற மாதிரி ஒரு விளக்கை மாட்டினார். வெளிச்சம் நேரே இவள் படுக்கையில் விழுந்தது. எந்தத் திரைச்சீலைக்கும் அடங்கவில்லை.

“அண்ணே, லைட்டக் கொஞ்சம் கீழ திருப்புங்களேன்” என்று கேட்டாள்.

“திருடன் வந்தா நீயா புடிப்ப? கண்ண மூடிட்டுப் படு லா.”

கண்ணை மூடத் தெரியாமலா இவள் போய்க் கேட்டாள்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள்தான், “தெனமும் மொகத்துல முழிக்கணும்டி” என்று என்னை அடக்கினாள்.

வேலியோரம் பச்சை வலை கட்டினாள், காற்றில் கிழிந்தது. செம்பருத்தி வைத்தாள், பூச்சி அரித்தது. அதற்குள் இயந்திரத்தின் முன்னால் கண்ணயர்ந்துவிட்டாள். விரல் தப்பியது பெரிய விஷயம். இன்னொரு தடவை தூங்கினால் வேலை இல்லை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். கடைசியில் ஒரு வேப்பங்கன்று நட்டாள். அம்மை போட்டால் இலைக்கு அலைய வேண்டாமே என்று வேறு ஒரு எண்ணம்.

மரம் வளர்ந்து ஜன்னலை மறைத்தது. அம்சவள்ளி தூங்கினாள். பஸ்ஸில் பழையபடி வாய் திறந்தது, எனக்குக் காது வலித்தது.

அப்போதுதான் நடராஜாவின் மகள் தனுஜாவுக்கு அம்மை கண்டது. இவளே வேப்பிலையைக் கொத்துக் கொத்தாக ஒடித்துக் கொடுத்தாள். மகளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய கையோடு, நடராஜாவின் மனைவி புஷ்பா வந்து மரத்துக்கு மஞ்சள் துணி கட்டிக் கும்பிட்டாள். யார் வேண்டாம் என்பார்கள்? அடுத்த வெள்ளிக்கிழமை சூலம் வந்தது. அதற்கடுத்து நடராஜா ஏணியோடு வந்தார்.

“ஆத்தாவ இருட்டுல வைக்கலாமா தங்கச்சி? உன் பக்கம் ஒரு லைட்டு போட்டுர்றேன். கரண்டு என் வீட்டுது, கவலப்படாத.”

புது விளக்கு மரத்துக்கும் ஜன்னலுக்கும் நடுவில் எரிந்தது. இரவெல்லாம் எரிந்தது. அந்த மாதமே அவள் மறுபடி இயந்திரத்தின் முன்னால் தூங்கிவிட்டாள்.

கடைசியாக ஒன்றாக வீடு திரும்பிய அன்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். “இப்பவாவது போயி அந்த லைட்ட எடுக்கச் சொல்லித் தொலையேன்!”

“சாமிக்குப் போட்டத எப்படிடி எடுக்கச் சொல்றது?” என்றாள் அம்சவள்ளி. “விடு லா. இனிமே பகல்ல தூங்கிக்கலாம்.”