கார்டில் இருந்த பாடங்கள்

அன்று காடாம்புலியூர் வீட்டில் நானும் தங்கையும் அம்மாவும் இருந்தோம். அப்பா பண்ருட்டிக்குப் போயிருந்தார். வந்திருக்க வேண்டிய என் நண்பன் வரவில்லை. சிதம்பரத்தில் என்னோடு படிப்பவன், வீடு கீழவீதியில். ஆருத்ரா தரிசனத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் வீடு நிறைய இருக்கிறார்கள், திங்கட்கிழமை வருகிறேன் என்று போனில் சொன்னான். "அதுவரைக்கும் அதுல கை வைக்காத மச்சான்."

அவன் சொன்னது தங்கையின் டேப்லெட்டை. நீட் தேர்வுக்காக அப்பா வாங்கிக் கொடுத்தது. பாடம் நடத்தும் ஒரு கம்பெனி தன் ஆப்பை மட்டும் போட்டு விற்றது. வேறெதுவும் அதில் திறக்காது. பிறகு அந்தக் கம்பெனியையே மூடிவிட்டார்கள். மாதிரித் தேர்வுகள் வருவது நின்றது. ஏற்கெனவே இறக்கி வைத்த பாடங்கள் மட்டும் ஓடின. தமிழில் படித்தவளுக்குத் தமிழிலேயே விளக்கும் பாடங்கள். ஒரு முறை எழுதிக் கொஞ்ச மார்க்கில் டாக்டர் சீட்டை விட்டவள், இரண்டாவது முறைக்கு அதை வைத்துத்தான் வீட்டிலிருந்தே படித்தாள். ஒவ்வொரு பாடத்துக்கும் கீழே அவள் அடித்து வைத்த குறிப்புகள் இருந்தன.

நண்பன் தன் போனோடு வந்த இயங்குதளத்தை அழித்துவிட்டு வேறொன்று போட்டிருந்தான். என் ஹாஸ்டல் அறைக்கு வந்து அவன் அதைச் செய்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். டேப்லெட்டிலும் அப்படிப் போட்டால், நெட்டில் எந்த மாதிரித் தேர்வை வேண்டுமானாலும் அவள் எழுதிப் பார்க்கலாம். உள்ளே இருப்பது அழியும் என்று தெரியும். ஆனால் பாடங்கள் மெமரி கார்டில்தானே இருக்கின்றன? கார்டை வாங்கிப் போட்டதே நான்தான்.

"வாணாம்ணா. ஓடுற வரைக்கும் ஓடட்டும். அந்த அண்ணனாவது வந்துடட்டும்" என்றாள் தங்கை.

அடுப்படியிலிருந்து அம்மா, "காலேஜ் படிக்கிறவன்டி அவன். அவனுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிடுச்சா?" என்றாள்.

எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. கரண்ட் பில்லிலிருந்து பட்டா வரைக்கும் நான் படித்துச் சொல்வதுதான் முடிவு. திங்கட்கிழமை வரை பொறுத்திருக்கலாம். அவன் இல்லாமலே செய்துகாட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது.

கார்டைக் கழற்றிக் கைக்குட்டையில் மடித்துச் சாமி படத்துக்குக் கீழே வைத்தேன். கேபிளை லேப்டாப்பில் செருகிக் கட்டளைகளை அடித்தேன். எல்லாம் அழியும், சம்மதமா என்று திரை கேட்டது. பட்டனை அழுத்திச் சம்மதம் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் புது இயங்குதளம் வந்துவிட்டது. முன்பைவிட வேகமாக ஓடியது. அம்மாவுக்கு ஒரு சமையல் வீடியோ போட்டுக் காட்டினேன்.

பிறகு கார்டைப் போட்டேன். பாடங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. பெயரும் அளவும் மாறவில்லை. ஒன்றுகூடத் திறக்கவில்லை.

நண்பனைக் கூப்பிட்டேன். கார்டில் இருந்தது பூட்டிய பாடம், அதற்குச் சாவி டேப்லெட்டுக்குள் இருந்தது, அதைத்தான் நீ அழித்துவிட்டாய் என்றான். குறிப்புகளும் உள்ளேதான் இருந்திருக்கும் என்றான். வேறு சாவி கேட்க அந்தக் கம்பெனி இல்லை.

தங்கை அழவில்லை. ஒரு நோட்டை எடுத்துப் பாடத் தலைப்புகளை ஞாபகத்திலிருந்து எழுத ஆரம்பித்தாள். ஏழாவதில் நிறுத்திவிட்டாள்.

அப்பா வந்ததும் நானே சொன்னேன். கார்டு, சாவி என்று விளக்கப் போனவனைக் கை காட்டி நிறுத்தினார்.

"ஒன் தங்கச்சி வாணாம்னு சொல்லிச்சா, இல்லியா?"

"சொல்லிச்சு."

அடுத்த வாரம் அப்பா, அவளைப் பயிற்சியில் சேர்க்கப் பணத்துக்காக, எங்கள் முந்திரித் தோப்பை மூன்று வருடக் குத்தகைக்கு விட்டார். அவசரம் என்று தெரிந்துகொண்ட வியாபாரி சொன்னதுதான் விலை. தங்கை கடலூரில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தாள். அங்கே பாதிப் பாடம் முடிந்திருந்தது. விடியுமுன் கிளம்பிப் பண்ருட்டியில் பஸ் மாறிப் போய்வந்தாள். போன முறையைவிட முப்பத்தொரு மார்க் குறைந்தது. மூன்றாவது முறை எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இப்போது பண்ருட்டியில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறாள்.

பயிற்சிக் கட்டணம், புத்தகம், பஸ் எல்லாம் சேர்த்து ஆனது எண்பத்து நாலாயிரத்து அறுநூறு ரூபாய்.