சந்ததியில் நாங்களும் சேர்த்தி

கர்த்தரை நம்பியிருக்கிற என் அன்பு உறவுகளே, எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சாட்சியாகச் சொல்கிறேன்.

என் பெயர் ஜெயா. காரிமங்கலத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் லாரி ஓட்டுகிறார். நான் தருமபுரியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். பஸ்ஸில் போகும் வழியில்தான் எங்கள் அப்பாவின் கொல்லை இருக்கிறது. கொல்லை என்றால் மழையை நம்பி விதைக்கிற மேட்டு நிலம். நடுவில் ஒரு பெரிய பாறை. அதன்மேல் உட்கார்ந்துதான் அப்பா எங்களுக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தார்.

அப்பாவுக்கு நாங்கள் மூன்று பெண்கள். குளோரி அக்கா, நான், தங்கை பிரேமா. அம்மா முன்பே போய்விட்டார்கள். கொரோனா முடிந்த வருஷம் அப்பாவும் போனார். பாகம் பிரிக்காத நிலம் என்பதால், அப்பாவின் பங்கையும் சித்தப்பாவே சேர்த்து உழுதார். யாரும் எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தினமும் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த நிலத்தைப் பார்ப்பேன். ராகி கதிர் பிடித்திருக்கும். இறங்கிப் போய் ஒரு கதிரைத் தொட எனக்கு உரிமை இல்லை. கண்ணீர் வரும். சபையில் சொன்னால், "மண்ணாச எதுக்கும்மா, நமக்குப் பரலோகத்துல வூடு இருக்குது" என்றார்கள். ஆசைப்படுவதே பாவமோ என்று பயந்தேன்.

ஆனாலும் ஜெபத்தில் அதுதான் வாயில் வரும். "ஆண்டவரே, ஆபிரகாமிடம் உன் சந்ததிக்கு இந்த மண்ணைக் கொடுப்பேன் என்றீரே. சந்ததி என்றால் ஆண்பிள்ளைகள் மட்டும்தானா? நாங்கள் அதில் சேர்த்தியில்லையா?"

போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் வேதத்தை வரிசையாக வாசித்துக்கொண்டு வந்தேன். ஆபிரகாமின் சந்ததியார் இன்னும் வனாந்தரத்தில் இருக்கிறார்கள். கர்த்தர் வாக்குக்கொடுத்த கானானில் ஒருவரும் இன்னும் குடியேறவில்லை. அப்போது ஐந்து சகோதரிகள் மோசேக்கும் சபைக்கும் முன்னால் வந்து நிற்கிறார்கள். எங்கள் அப்பாவுக்கு மகன் இல்லை, அதற்காக அவர் பெயர் அழிந்துபோக வேண்டுமா, எங்களுக்கும் பங்கு கொடுங்கள் என்கிறார்கள். மோசே கர்த்தரிடம் கேட்கிறார். அந்தப் பெண்கள் கேட்பது சரி என்று கர்த்தரே சொல்லிவிட்டார்!

அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. நான் எழுந்திருக்கவில்லை. விம்மி விம்மி அழுதேன். பார்க்காத மண்ணில் பங்கு கேட்ட பெண்களை அவர் கடிந்துகொள்ளவில்லை. அப்படியானால் என்னையும் கடிந்துகொள்ள மாட்டார்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மூன்று பேரும் சித்தப்பா வீட்டுக்குப் போனோம். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நானே பேச்சை ஆரம்பித்தேன்.

"சித்தப்பா, எங்கப்பா பங்க எங்களுக்குப் பிரிச்சுக் குடுங்க."

"கட்டிக் குடுத்த பொண்ணுங்களுக்கு எதுக்கு நெலம்? ஊர்ல கேட்டா சிரிப்பாங்க."

குளோரி அக்கா கேட்டாள். "அப்பா பேரு சொல்ல அங்க வேற யாருங்க இருக்காங்க?"

அவர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு வெளியே போனார். சித்தி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அதன் பிறகு சபையில்கூட அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. மாதங்கள் போயின. "போதும் ஜெயா, உட்ரு" என்றாள் அக்கா. நான் விடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்தேன். பஸ் அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் ஜெபித்தேன்.

ஒரு சந்தை நாளில் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தார். காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நானும் பொட்டப்புள்ளைங்க மட்டும் பொறந்த வூட்டுலதான் பொறந்தேன் கண்ணு. எங்கப்பன் நெலத்த பங்காளிங்க எடுத்துக்கிட்டாங்க. இப்பவும் பென்னாகரம் பஸ்ஸுல போனா, அந்த எடம் வர்றப்ப கண்ண மூடிக்குவேன். கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. நீங்க வந்து கேட்டுட்டுப் போனதிலருந்து எனக்குச் சோறு எறங்கல. உங்க சித்தப்பாகிட்ட சொன்னேன், நாளைக்கு நம்ம பொண்ணு இப்பிடி வந்து நின்னா அவளுக்கும் இதையேதான் சொல்லுவீங்களான்னு. ரெண்டு நாள் என்கூடப் பேசல. இன்னிக்குக் காலைல, அளந்து கல்லு நடச் சொல்றேன்னாரு."

சித்தியைக் கட்டிக்கொண்டேன்.

சித்தப்பா சொன்னபடி செய்தார். கல் நட்ட அன்று செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் நிலத்தில் நடந்தேன். பிரேமா அப்படியே மண்ணில் குப்புறப் படுத்துவிட்டாள். சித்தப்பா வேறு பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. நாங்கள் விதைத்த ராகி முழங்கால் உயரத்திலேயே காய்ந்தது. சாட்சியை அழகாக்க இதை மறைக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் அது எங்கள் ராகி. அடுத்த மழைக்கு ஏங்குகிறோம். ஒரு கிணற்றுக்கும் அங்கேயே ஒரு சின்ன வீட்டுக்கும் ஏங்குகிறோம். இப்போது ஏங்குவதற்கு எனக்கு வெட்கமில்லை.

சகோதரிகளே, உங்கள் மனதில் இருக்கும் ஆசையைப் பாவம் என்று நீங்களே மூடிவைக்காதீர்கள். முதலில் அவரிடம் சொல்லுங்கள். பிறகு எழுந்து போய், கொடுக்க வேண்டியவர்கள் வாசலில் நின்று வாய்விட்டுக் கேளுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். நானும் வந்து பக்கத்தில் நிற்கிறேன்.